கமீலின் ஐந்தாவது பந்து

மெஷினைச் சாய்க்கக் கூடாது என்பது மட்டும்தான் கஃபேக்காரி ரோசா போட்ட நிபந்தனை. வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

காசு போட்டுப் பந்து விடும் பிங்கோ மெஷினை இடம் மாற்றும்போது, எண்கள் எரியும் தலைப்பெட்டியைக் கழற்றி, கால்களை அவிழ்த்து, உடம்பை ஒருக்களித்து வேனில் திணிப்பதுதான் வழக்கம். அலிடா அந்த வட்டாரத்துக் கஃபேக்களில் பல வருடம் இந்த மெஷின்களைப் பழுது பார்த்துத் திரிந்தவள். இப்போது வீட்டுக்குப் பின்னால் சொந்தப் பட்டறை. பழைய மெஷின்களை வாங்கிச் சீர்செய்து, ஆசைப்படுகிறவர்களுக்குக் கொடுத்துவந்தாள். இப்படியொரு நிபந்தனையை அவள் கேட்டதே இல்லை.

"அம்மா சொன்னா சொன்னதுதான்" என்றாள் ரோசாவின் மகள் லுட்கார்ட். "சவப்பெட்டிய தூக்குற மாதிரி மட்டமா தூக்கிட்டுப் போகணுமாம். துளி சாஞ்சாலும் கொடுக்காதேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. என்ன ஏதுன்னு என்னைக் கேட்காதீங்க, எனக்கும் சொல்லல."

ஸ்கெல்ட் ஆற்றங்கரையில் ரோசாவின் ஸ்வார்த்ஹூக் கிராமத்தில் அப்போது பாதி வீடுகள் ஜன்னல் இல்லாமல் நின்றன. துறைமுகத்துக்குப் புதுத் துறை வெட்டப் போகிறார்கள். ஜனங்களை வேறு ஊருக்கு அனுப்பியாகிவிட்டது. ரோசாவும் கஃபேயைப் பூட்டிவிட்டு பேவரன் என்ற ஊரில் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டாள். மெஷின் அங்கே மாடிப்படியில் ஏறாது. அதனால்தான் அலிடாவுக்குக் கைமாற்றினாள்.

அலிடா, அவள் கணவன் வன்னஸ், அவனோடு காய்கறி ஏலக்கூடத்தில் வேலை பார்க்கும் இரண்டு பேர், ஆக நாலு பேருமாகச் சேர்ந்து தூக்கினார்கள். வன்னஸுக்கு எங்கே போனாலும் வாய் சும்மா இருக்காது.

"யாராவது ஒரு பாட்டு பாடுங்கப்பா. பிணம் சலிச்சுக்கப் போகுது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

பட்டறையில் இறக்கி வைத்து, மேலே போர்த்தியிருந்த கம்பளியை எடுத்தபோதுதான் அலிடாவுக்கு விஷயம் விளங்கியது. கண்ணாடிக்கு அடியில் நாலு பந்துகள் நாலு குழிகளில் உட்கார்ந்திருந்தன. ஐந்தாவது பந்து வலதுபக்கத் தடத்தில், ஸ்பிரிங்கின் முனையில், ஏவுவதற்குத் தயாராக நின்றது. யாரோ ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போயிருக்கிறார்கள். போனவன் திரும்பி வரவில்லை.

இந்த மெஷின்களில் பந்தைத் தட்டிவிடும் துடுப்புகள் கிடையாது. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் பந்து மேலே போகும். ஆணிகளிலும் வளையங்களிலும் மோதி மோதி இறங்கும். எண் போட்ட ஏதோ ஒரு குழியில் விழும். அந்த எண் எதிரே நிற்கும் கண்ணாடியில் எரியும். எண்கள் ஒரே வரிசையில் அமைந்தால் ஜெயம். ஆடுகிறவன் கையில் இருப்பது ஒரே ஒரு வித்தைதான்: மெஷினை உள்ளங்கையாலும் இடுப்பாலும் இதமாக அசைத்து, பந்தை வேண்டிய பக்கம் வரவழைப்பது. கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தள்ளினால் மெஷின் கோபித்துக்கொண்டு எல்லா விளக்கையும் அணைத்துவிடும். அதோடு ஆட்டம் போச்சு.

இன்னொரு குணமும் இவற்றுக்கு உண்டு. இவை மறப்பதில்லை. உள்ளே இருப்பதெல்லாம் பல் சக்கரங்களும் பித்தளைத் தொடுமுனைகளும்தான். பிளக்கைப் பிடுங்கினால் சக்கரம் நின்ற இடத்தில் நிற்கும். பத்து வருடம் கழித்துச் செருகினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

வேறு யாராக இருந்தாலும் கண்ணாடியைத் திறந்து பந்துகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு வேலையை ஆரம்பித்திருப்பார்கள். அலிடாவுக்குக் கை வரவில்லை. 'அந்த ஆள் எவ்வளவு தூரம் வந்திருந்தான்னு பார்க்கலாமே' என்று ஒரு ஆசை. பின்கதவைத் திறந்து, ஒவ்வொரு சக்கரமும் நின்ற இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி, கல்லாக இறுகிப்போன கிரீஸைச் சுரண்டி, பித்தளையைத் துடைத்து, குறித்த இடத்திலேயே திரும்ப மாட்டினாள். வயர்களில் எலி கடித்த இடங்களுக்குப் புது வயர் போட்டாள். ஒரு வாரம் மாலைதோறும் அதே வேலை.

கடைசியில் பிளக்கைச் செருகினாள். உள்ளே மோட்டார் ஒரு பெருமூச்சு விட்டுச் சுழன்றது. தூசி சுடும் வாசனை எழுந்தது. எதிர்க்கண்ணாடியில், கடற்கரைக் குடைக்கு அடியில் படுத்திருக்கும் மூன்று பெண்களுக்கு நடுவே, எண்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. நாலு எண்கள். நாலும் ஒரே வரிசை. அந்த வரிசையில் விடுபட்டது பத்தொன்பது மட்டும்தான்.

அலிடா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நாலு பந்தும் ஒரே வரிசையில் விழுவதை அவள் தன் வாழ்நாளில் இரண்டோ மூன்றோ தடவைதான் பார்த்திருக்கிறாள். இந்த நிலையில் எவன் எழுந்து போவான்? வீடு பற்றி எரிந்தாலும் கடைசிப் பந்தை விட்டுவிட்டுத்தானே ஓடுவான்?

வன்னஸ் காபிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தான். "விட்டுடு. பத்தொம்பதுல விழுதான்னு பார்ப்போம்."

"கைய வெச்ச, உதைப்பேன். இது வேற ஒருத்தரோட ஆட்டம். அந்தம்மாவைக் கேட்காம தொடக் கூடாது."

"நான் எங்க தொடுறேன்? சும்மா நிக்கிறேன் தாயே" என்று சொல்லி, மெஷினின் முன்பக்க மரச்சட்டத்தில் இரண்டு கைகளையும் ஊன்றினான்.

அந்தச் சட்டத்தில் இரண்டு இடங்களில் வார்னிஷ் போய், மரம் லேசாகக் குழிந்திருந்தது. ஒரே ஆள் வருடக் கணக்கில் கையூன்றிய தடம். வன்னஸின் கைகள் அந்தக் குழிவுகளில் போய் உட்கார்ந்தன. அவன் சட்டென்று பேச்சை நிறுத்தினான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. கதகதன்னு இருக்கு."

விளக்கு எரிகிறதே, சூடு ஏறியிருக்கும் என்று அலிடா நினைத்தாள். பிறகு அவன் வீட்டுக்குள் போனதும் தானும் தொட்டுப் பார்த்தாள். மரம் ஜில்லென்று இருந்தது.

அன்றிலிருந்து வன்னஸ் பட்டறைக்கு வருவது அதிகமாயிற்று. முன்பெல்லாம் அவளைச் சாப்பிடக் கூப்பிடத்தான் வருவான். இப்போது வேலையிலிருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக அங்கே போய் நின்றான். ஆடுவதில்லை, ஸ்பிரிங்கைத் தொடுவதுமில்லை. கைகளை ஊன்றி, எரியும் எண்களைப் பார்த்தபடி நிற்பான். ஊர்ப்பட்ட பேச்சு பேசுகிறவன் அங்கே மட்டும் வாய் திறப்பதில்லை. பல்லிடுக்கில் ஏதோ ஒரு மெட்டைச் சீட்டியடித்தான். அந்த மெட்டு அலிடாவுக்குத் தெரியாது. கேட்டால் அவனுக்கும் தெரியவில்லை.

நிற்கும் விதமும் புதிது. உடம்புப் பாரம் முழுவதையும் இடது காலில் போட்டு, வலது குதிகாலைத் தரையிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டான், குதிரை ஒரு காலை ஆற்றிக்கொள்வதுபோல. பின்னாலிருந்து பார்த்தால் யாரோ அந்நியன் தன் பட்டறைக்குள் வந்து நிற்பதாக அலிடாவுக்குத் தோன்றியது. "வன்னஸ்" என்று கூப்பிடுவாள். முதல் தடவைக்குத் திரும்பமாட்டான்.

ஒரு மத்தியானம் அடுப்பில் எண்டைவ் கீரையும் பன்றி இறைச்சியும் வெந்துகொண்டிருக்க, மேஜையில் உட்கார்ந்திருந்தவன் தலையைத் தூக்கினான்.

"காத்து வடமேற்குக்குத் திரும்பிடுச்சா?"

"காத்தைப் பத்தி உனக்கென்ன கவலை? நீ என்ன மீன் பிடிக்கவா போற?"

"தண்ணி ஏறும்" என்றான். அது அவன் குரல்தான். ஆனால் அவன் பேசுகிற தோரணை இல்லை. அவர்கள் வீட்டிலிருந்து ஸ்கெல்ட் ஆறு வெகு தூரம். அவன் ஆற்றைப் பற்றிப் பேசியே அவள் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு அவனைக் காணோம். பேப்பர் வாங்கப் போயிருப்பான் என்று அலிடா இருந்துவிட்டாள். மத்தியானம் தாண்டியதும் பயம் பிடித்தது. வேனை எடுத்துக்கொண்டு தேடினாள். எந்தப் பக்கம் போவது என்று யோசிக்க வேண்டியிருக்கவே இல்லை. கை தானாக வேனை ஸ்வார்த்ஹூக் ரோட்டுக்குத் திருப்பியது. ஆற்றங்கரையின் மேட்டில், ஈரப் புல்லில், வன்னஸ் வெறும் சட்டையோடு நடந்துகொண்டிருந்தான். கோட்டு இல்லை. வலது காலை லேசாக இழுத்து இழுத்து நடந்தான்.

கையைப் பிடித்து நிறுத்தினாள். அவன் அவளைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. முன்பின் தெரியாத பெண் வழி கேட்டால் பார்ப்பானே, அந்த மரியாதை. 

"போய்ப் பார்த்துட்டு வந்துடுறேன்" என்றான் தணிவாக. "யாரையும் தொட விடாதீங்க."

வேனில் ஏற்றி ஹீட்டரைப் போட்டதும் பற்கள் தந்தியடிக்க ஆரம்பித்தன. பாதி வழியில், "நாம எங்க போயிட்டு வர்றோம்?" என்றான். அவள் சொன்னாள். வன்னஸ் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. "எனக்கு என்னமோ ஆகுது அலிடா" என்றான். 

மறுநாள் காலை அவனை அவன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு பேவரனுக்குப் போனாள்.

ரோசா கதவைத் திறந்தாள். எலும்பும் தோலுமான உடம்பு, ஆனால் முதுகு வளையவில்லை. ஒரு காலத்தில் குடிகாரர்களைத் தனியாளாக வெளியே தள்ளியவள் என்று பார்த்தாலே தெரிந்தது. மேஜையில் காபியும் பிஸ்கட்டும் வைத்தாள். அலிடாவின் முகத்தைப் பார்த்தாள்.

"கரண்ட் கொடுத்துட்ட."

"கொடுத்தேன் மேடம்."

"பந்தை விட்டியா?"

"இல்ல. நீங்க சொல்லாம விடக் கூடாதுன்னு வெச்சிருக்கேன். அது யாரோட ஆட்டம்?"

"என் வீட்டுக்காரரோடது. கமீல்."

அவள் அழவில்லை. கடைக்கு வந்தவர்களுக்கு ஊர்ச் சேதி சொல்கிற குரலிலேயே சொன்னாள். கமீல் ஆற்றங்கரையைக் காவல் பார்க்கும் வேலையில் இருந்தவன். இருபது வருடத்துக்கு முந்தைய அந்த ஜனவரிப் புயல் நாளில் கஃபே முழுக்கக் கூட்டம். நாலு பந்து ஒரே வரிசையில் விழுந்ததும் பீர் கிளாஸோடு எல்லாரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்த நேரம் பார்த்து ஒருவன் ஓடிவந்து கரையில் தண்ணீர் கசிகிறது என்றான்.

"'போய்ப் பார்த்துட்டு வந்துடுறேன், யாரையும் தொட விடாதே'ன்னு சொன்னார்" என்றாள் ரோசா. "எல்லாரும் கத்துறாங்க: 'கடைசிப் பந்தை விட்டுட்டுப் போய்யா, ஒரு நிமிஷ வேலை'ன்னு. அவர் கேட்கல. நான் அடுக்களைல இருந்தேன். கடைசிப் பந்தை நான் பக்கத்துல நின்னாத்தான் விடுவார். அது ஒரு பழக்கம். நான் கையைத் துடைச்சுட்டு வர்றதுக்குள்ள போயிட்டார்."

கரை உடைந்தது. கமீலின் உடல் கிடைக்கவில்லை.

"மறுவாரம் ஒருத்தன் ஆசையா ஸ்பிரிங்ல கை வெச்சான். கையிலயே போட்டேன். பிளக்கைப் புடுங்கிட்டு, மேல கம்பளியப் போர்த்தினேன். பாதிரியார் வந்து பூசை வைக்கலாம்னார், வேண்டாம்னுட்டேன். வர்றேன்னு சொல்லிட்டுப் போன ஆளுக்கு யாராவது இறந்தவங்க பூசை வைப்பாங்களா?"

அலிடா எழுந்து நின்றாள். மேஜை விளிம்பில் கைகளை ஊன்றி, பாரத்தை இடது காலில் போட்டு, வலது குதிகாலைத் தூக்கிக் காட்டினாள்.

ரோசா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்தக் குதிகாலையே பார்த்தாள். 

"அவருக்குச் சின்ன வயசுல வைக்கோல் வண்டிச் சக்கரம் ஏறின கால் அது" என்றாள். "உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. என் வீட்டுக்காரர் இப்படித்தான் நிக்கிறார். நேத்து கரை மேல நடந்துட்டிருந்தார். என்னை அடையாளம் தெரியல."

 "வீட்டைத் தேடி வந்திருப்பார்" என்றாள் ரோசா. "வீடு பூட்டிக் கிடந்திருக்கும். பாவம், மெஷின் பின்னாலயே வந்துட்டார்." எழுந்து கோட்டை மாட்டினாள். கண்ணாடி முன்னால் நின்று தலையை வாரினாள். உதட்டுக்குச் சாயம்கூடப் பூசிக்கொண்டாள். அதைப் பார்க்க அலிடாவுக்குப் பயமாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது.

இருவரும் அலிடாவின் வீடு போய்ச் சேர்ந்தபோது வெளியே வெண்மூடுபனி. அக்கா வீட்டில் விட்டுவந்த வன்னஸ் பட்டறையில் நின்றிருந்தான். பஸ்ஸில் வந்தானோ, நடந்தே வந்தானோ, யாருக்குத் தெரியும். முதுகுதான் தெரிந்தது. வலது குதிகால் தூக்கியிருந்தது. பல்லிடுக்கில் அதே சீட்டி.

ரோசா வாசலிலேயே நின்றுவிட்டாள். சீட்டியும் நின்றது.

"ரோசா" என்றான் அவன், திரும்பாமல். "யாரும் தொடலியே?"

"தொடல."

"எங்க போயிட்ட?"

"அடுக்களைல இருந்தேன்" என்றாள் ரோசா.  "நீ கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா? என்ன அவசரம் உனக்கு? விலாங்கு மீனை அடுப்புல வெச்சுட்டு வர்றதுக்குள்ள..."

"தண்ணி காத்துட்டு நிக்காதே ரோசா."

அவள் போய் அவன் பக்கத்தில் நின்றாள். முகத்தைப் பார்க்க முயலவில்லை. எதிர்க்கண்ணாடியைத்தான் பார்த்தாள். அலிடா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். ஓடிப்போய் வன்னஸைப் பிடித்து இழுக்கவேண்டும் என்று கால் துடித்தது. கூடவே, இழுத்தால் பாதி ஆள்தான் கையோடு வருவான் என்று ஏதோ சொல்லிற்று.

"விடு" என்றாள் ரோசா.

அவன் ஸ்பிரிங்கை இழுத்துவிட்டான். பந்து தடத்தில் சீறி ஏறி, மேல் வளைவில் மோதி இறங்கியது. வன்னஸுக்கு மெஷினை அசைக்கத் தெரியாது. தொட்டால் விளக்கை அணைத்துவிடுவான் என்று ஊரே கேலி செய்யும். இப்போது அந்தக் கைகள் சட்டத்தை வருடின. இடுப்பு ஒரு துளி சாய்ந்தது. பந்து அதற்குக் கட்டுப்பட்டு இடப்பக்கம் வந்தது, ஒரு ஆணியின் தலையில் தயங்கியது, இறங்கியது. பத்தொன்பதாம் குழியின் விளிம்பைத் தொட்டது. விளிம்பைச் சுற்றி வந்தது, மறுபடியும் சுற்றியது. 

பந்து விளிம்பைவிட்டு நழுவி, கீழே இருந்த வேறு குழியில் 'டொக்' என்று விழுந்தது. வரிசைக்கு வெளியே எங்கோ ஒரு எண் எரிந்தது.

 அவன் சிரித்தான். அடிவயிற்றிலிருந்து வந்த, சந்தோஷமான சிரிப்பு.

"அட சீ! இதுக்கா இவ்வளவு நேரம் நிக்க வெச்சேன் உன்னை?"

"ஆமாம்யா" என்றாள் ரோசா. கண்ணீர் தாடையில் சொட்டியது. அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். "தோத்துட்ட. போ, போய்ப் படு."

"சரி."

தூக்கியிருந்த குதிகால் தரைக்கு இறங்கியது. வன்னஸ் மெஷின் மேலேயே கவிழ்ந்தான். அலிடா ஓடிப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தாள். கைகள் பனிக்கட்டியாக இருந்தன. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, ரோசாவைப் பார்த்து, "வாங்க மேடம். எப்ப வந்தீங்க? அலிடா, காபி கொடுத்தியா?" என்றான்.

ரோசா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். வேறு யாரையோ தேடுகிற பார்வை அது. பிறகு கைப்பையிலிருந்து ஒரு ஃபிராங்க் காசை எடுத்து மெஷினில் போட்டாள். அடியில் பலகை நகர்ந்தது. அத்தனை வருடமாகக் குழிகளில் கிடந்த பந்துகள் ஒன்றின் பின் ஒன்றாகக் கடகடவென்று உள்ளே உருண்டோடின. எண்கள் அணைந்தன. கடற்கரைப் பெண்கள் மட்டும் வெளிச்சத்தில் படுத்திருந்தார்கள்.

"கண்ணாடிய நல்லாத் தொடைச்சுடு" என்றாள் அலிடாவிடம். "யாராவது நல்லா ஆடுறவனுக்குக் கொடு. வீட்டுல வெச்சுக்காதே."

மாதக் கடைசியில் கெண்ட் நகரத்து ஆள் ஒருவர் அதை வாங்கிப் போனார். இந்தத் தடவை தலைப்பெட்டியைக் கழற்றி, உடம்பை ஒருக்களித்துத்தான் வேனில் ஏற்றினார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் ரோசா கமீலுக்கு இறந்தோர் பூசை வைத்தாள். ஸ்வார்த்ஹூக் கோவிலை அதற்குள் மூடிவிட்டதால் பேவரனில்தான் நடந்தது. பழைய வாடிக்கைக்காரர்கள் கொஞ்சம் பேர், லுட்கார்டின் குடும்பம், பின்வரிசையில் அலிடாவும் வன்னஸும். வன்னஸ் இப்போது பழையபடி வாயாடிதான்; காற்றைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ பேச்சே இல்லை. வரும் வழியெல்லாம் பாதிரியாரின் மூக்கைக் கேலி செய்துகொண்டு வந்தான்.

பாதிரியார் ஜெபத்தின் நடுவே இறந்தவரின் முழுப் பெயரைச் சொல்லி அழைத்தார்.

வன்னஸ் எழுந்து நின்றான்.

முன்வரிசைகளில் ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அலிடா அவன் கோட்டைப் பிடித்து இழுத்தாள். அவன் உட்கார்ந்தான். முகம் சிவந்திருந்தது. "ஏன் எழுந்த?" என்று காதோடு கேட்டாள்.

"கூப்பிட்டாங்களே" என்றான். பிறகு தானே குழம்பி, "என்னை இல்லல்ல?" என்றான்.

பூசை முடிந்து வாசலில் ரோசா நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தாள். வன்னஸின் முறை வந்தபோது அவன் கையை இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையைத் திருப்பி, கட்டைவிரலால் ஒரு முறை தடவிப் பார்த்தாள், தனக்குத் தெரிந்த கை அதற்குள் இன்னும் இருக்கிறதா என்று தேடுகிறவள்போல. பின்னால் வரிசை காத்திருந்தது. யாரோ இருமினார்கள். அவள் கையை விட்டுவிட்டு அடுத்தவரிடம் திரும்பினாள்.